ஜன்னலை உடைக்கும் முன்

கூரைக் கசிவு பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் ஒன்று சிரம்பானிலிருந்து. இளம் தம்பதியர். பழைய இரட்டை மாடி வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். சாப்பாட்டு அறை ஜன்னலை எடுத்துவிட்டு, பின்புறத் தோட்டத்தைப் பார்த்தபடி பிரெஞ்சுக் கதவு போட ஆசை. "நல்ல குத்தகையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டிருந்தார்கள்.

இதற்குப் பதில் எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. இதே வேலையை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், ஒரே சுவரில்.

எங்கள் வீடு கிள்ளானில், எண்பதுகளில் கட்டிய தாமான் ஒன்றில், வரிசையின் கடைசி வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம். அதில் அம்மா கறிவேப்பிலை, முருங்கை, பண்டான், நாலைந்து மிளகாய்ச் செடி வைத்திருக்கிறார். சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஜன்னல் வழியே தெரியும். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் சமையலறை வழியாகப் பின்கதவைத் திறந்து, கால்வாய் மேல் போட்ட பலகையைத் தாண்டி, சுவரைச் சுற்றி வரவேண்டும். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு அது பெரிய பயணம். ஒருநாள் மழை விட்ட மாலையில் கறிவேப்பிலை பறிக்கப் போனவர் அந்தப் பலகையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "இது கதவா இருந்திருந்தா நாலு எட்டுதான்."

அவர் சொன்னதில் ஒரு மொழியாராய்ச்சியே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'போர்ட்-ஃபெனெத்ர்' என்கிறார்கள். நேர்ப்பொருள் 'கதவு-ஜன்னல்'. தரை வரை இறங்கிய ஜன்னல், அவ்வளவுதான். நமக்கும் இது புதிதல்ல. பினாங்கு ஜார்ஜ்டவுனிலும் மலாக்காவிலும் பழைய கடைவீடுகளின் மேல்மாடியை அண்ணாந்து பாருங்கள். தரை வரை நீண்ட இரட்டைப் பலகணிகள், காற்று வரச் சாய்வுச் சட்டங்கள், ஆள் விழாமல் இருக்க முன்னால் சிறு தடுப்பு. நம் ஊர் வெக்கைக்கும் மழைக்கும் பழகிய அமைப்பு அது. இன்று கடைகளில் கண்ணாடியும் அலுமினியமுமாக விற்கப்படும் கதவு அதன் தூரத்து உறவு.

சரி, கதைக்கு வருகிறேன்.

முதலில் வந்தவர் 'நம்ம ஆளு'. மனைவி வழி உறவினர் ஒருவருக்கு வீடு பெரிதாக்கிக் கொடுத்தவர். கோயில் திருவிழாவில் அன்னதானப் பந்தலுக்கு இலவசமாகக் கொட்டகை போட்டுக் கொடுப்பவர். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும், இன்றைக்கும் சொல்லும். இரவு ஏழரை மணிக்கு வந்தார். தேநீர் குடித்தார். ஜன்னலைக் கையால் ஒரு சாண், இரண்டு சாண் அளந்தார். "நாலாயிரத்து ஐந்நூறு, எல்லாம் சேத்து. மூணு நாள் வேலை. நம்ம அம்மாவுக்குச் செய்றேன், ஒங்ககிட்ட லாபம் பாப்பேனா?" என்றார். நான் விலைக்குறிப்பு கேட்கவில்லை. கேட்க நா எழவில்லை என்பதே உண்மை. உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ரசீது கேட்பதுபோல் இருந்தது. அன்றிரவே திறன்பேசி வழியாக இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி அனுப்பிவிட்டேன்.

இரண்டு தொழிலாளர்கள் வந்தார்கள். மாலைக்குள் ஜன்னல் போய்விட்டது, அதன் கீழிருந்த சுவரும் போய்விட்டது. நான் வேலையிலிருந்து திரும்பியபோது இடைவெளி எதிர்பார்த்ததைவிட அகலமாக இருந்தது. கேட்டேன். "ஆறடிக் கதவு ஒண்ணு நல்ல விலைக்குக் கெடச்சிருக்கு அண்ணே. அஞ்சடிக்குப் பதிலா ஆறடி. ரெண்டு பக்கமும் ஆறு ஆறு இஞ்சிதான் எடுத்தோம். இன்னும் அழகா இருக்கும்."

கதவு மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இடைவெளியை பிளைவுட் பலகையால் மூடியிருந்தார்கள். அது அக்டோபர் மாதம். மேற்குக் கரையில் மாலை இடிமழைக் காலம். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு மேல் பலகையின் அடியில் துணியைத் திணிப்பது அம்மாவின் வேலையாயிற்று. பதினோராம் நாள் நான் அதைப் பார்த்தேன். இடைவெளியின் மேல்மூலையிலிருந்து மாடிப்படிபோல் ஏறி, மேலே உத்தரம் வரை போயிருந்தது ஒரு விரிசல். விரல் நகம் நுழையும் அகலம்.

புலனத்தில் படம் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அழைத்தால் எடுக்கவில்லை.

அலுவலக நண்பர் மூலம் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்தார். அரைமணி நேரம் பார்த்தார். பிறகு வெளியே நின்றபடி, தரையில் குச்சியால் கோடு போட்டு எனக்குப் பாடம் எடுத்தார். அந்தப் பாடத்தைத்தான் சிரம்பான் தம்பதியருக்கு அப்படியே தர விரும்புகிறேன். கதவின் நிறம், கைப்பிடி, கண்ணாடி எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

செங்கல் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறதென்றால், அதன் தலைக்கு மேல் 'லிண்டல்' என்ற சிறு கான்கிரீட் உத்தரம் இருக்கும். பூச்சுக்குள் மறைந்திருப்பதால் நாம் பார்த்திருக்க மாட்டோம். மேலே உள்ள செங்கற்களைத் தாங்கி, அந்தப் பாரத்தை இரண்டு பக்கச் சுவருக்கும் கடத்துவது அதன் வேலை. அதற்காக அது ஜன்னலைவிட நீளமாக இருக்கும். இருபுறமும் ஏறக்குறைய ஆறங்குலம் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஜன்னல் ஐந்தடி. லிண்டல் ஆறடி. அழகுக்காக இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் வெட்டியபோது, லிண்டல் உட்கார்ந்திருந்த நாற்காலியை இருபுறமும் எடுத்துவிட்டார்கள். பிறகு அது தொங்கிக்கொண்டிருந்தது வெறும் சிமெண்டுப் பிடிமானத்தில்.

"வீடு விழாது. மேல்மாடியைத் தூணும் உத்தரமும் தாங்குது. ஆனா இந்தச் செங்கல்லு விழும். கீழ யாரு ஒக்காருவா?" என்று கேட்டார் பொறியாளர். அந்த இடத்தில்தான் அம்மா துணி திணித்துக்கொண்டிருந்தார். அன்றிரவே இரும்பு முட்டு இரண்டு வாடகைக்கு எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அவருக்குக் கொடுத்த நானூறு வெள்ளிதான் இந்த முழு விவகாரத்தில் நான் செலவழித்த மிகச் சிறந்த பணம். அதை முதல்நாளே செலவழித்திருக்க வேண்டும்.

ஆக, உங்கள் ஜன்னல் அகலத்துக்குள்ளேயே கதவு அடங்கிவிட்டால், ஜன்னலின் கீழுள்ள சுவரை மட்டும் எடுத்தால் போதும். லிண்டலைத் தொட வேண்டியதில்லை. இதுதான் சுலபமான, மலிவான வழி. ஓரங்குலம் அகலப்படுத்தினாலும் அது வேறு வேலை. முட்டுக் கொடுத்து, புது லிண்டல் போட்டு, கான்கிரீட் இறுகக் காத்திருந்து, அதன் பிறகே முட்டை எடுக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எங்கள் வீட்டில் தூணும் உத்தரமும் இருந்தன. சில பழைய வீடுகளில் சுவரே மாடியையும் கூரையையும் தாங்கும். அது எந்த வகைச் சுவர் என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். வீட்டின் கட்டட வரைபடத்தைப் பார்த்து, தகுதியுள்ளவர் சொல்லட்டும்.

இரண்டாவது ஆளைத் தேடியபோது மூன்று பேரை அழைத்தேன். முதல் இருவரும் கதவின் படங்களைத் திறன்பேசியில் காட்டினார்கள். கறுப்புச் சட்டம், வெள்ளைச் சட்டம், கட்டம் போட்ட கண்ணாடி, போடாத கண்ணாடி. மூன்றாமவர் முப்பது வயதுக்காரர். அவரும் நம்மவர்தான், அதனால் நம்மவர் வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அவர் சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் வந்தார். உள்ளே வருவதற்கு முன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார். ஒரு கதவுப் படம்கூடக் காட்டவில்லை. கேள்வியாகக் கேட்டார்.

"மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?" என்பது முதல் கேள்வி. நான் யோசித்தேன். அம்மா உடனே சொன்னார்: "விடியக்காலையில வர்ற காத்து மழை நேரா இங்கதான் தம்பி அடிக்கும்." சுமத்ரா பக்கமிருந்து அதிகாலையில் வரும் அந்தப் பலத்த காற்றோடு கூடிய மழையை மேற்குக் கரையில் இருப்பவர்கள் அறிவார்கள். அவர் தலையாட்டிவிட்டு, கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும் என்றார். காரணம் எளிது. வெளியே திறக்கும் கதவைக் காற்று சட்டத்தோடு சேர்த்து அழுத்தும், ரப்பர் இறுகும். உள்ளே திறக்கும் கதவையோ அதே காற்று சட்டத்திலிருந்து தள்ளிவிடப் பார்க்கும், தண்ணீருக்கு வழி கிடைக்கும்.

வெளியே திறந்தால் கீல்கள் வெளிப்பக்கம் இருக்கும். திருடன் ஆணியைத் தட்டி எடுக்க முடியாத வகைக் கீல் வேண்டும். திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் சுவரோடு பிடித்து நிறுத்தக் கொக்கி வேண்டும். கிரில் உள்பக்கம் வரவேண்டும். நம் ஊரில் கிரில் இல்லாத கதவு ஏது? கதவு வெளியே திறந்தால் கிரில் உள்ளே, கதவு உள்ளே திறந்தால் கிரில் வெளியே. இதை முதலிலேயே யோசிக்காமல், கதவை மாட்டிய பிறகு கிரில்காரரை அழைத்து, கதவு கிரிலில் இடிக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கொசுவலைக்கும் இதே கணக்குத்தான். டிங்கி பயத்தில் வாழும் நாம் வலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், பெரிய கண்ணாடிக் கதவைச் செலவு செய்து போட்டுவிட்டு மாலை ஐந்து மணிக்கெல்லாம் அடைத்து வைக்க வேண்டியதுதான். கிரிலுக்குப் பூட்டுப் போட்டால் சாவி கைக்கெட்டும் இடத்தில், எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் தொங்க வேண்டும் என்றும் சொன்னார். தீ என்று வந்தால் அந்தக் கதவு வெளியேறும் வழி.

அடுத்த கேள்வி அம்மாவிடம்: "கைத்தடி எந்தக் கையில பிடிப்பீங்கம்மா?"

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. இரண்டு கதவும் சம அளவில் இருந்தால் பார்க்க அழகுதான். ஆனால் அன்றாடம் ஒரு கதவைத்தான் திறப்போம், மற்றது மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு நிற்கும். அந்த ஒரு கதவின் வழியே கைத்தடியோடு நடக்க வேண்டும். நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தால் அதுவும் நுழைய வேண்டும். அதனால் ஒன்றை மூன்றரை அடியாகவும், மற்றதை இரண்டடியாகவும் வைக்கலாம் என்றார். கைப்பிடி அம்மாவின் தடி இல்லாத கைப்பக்கம். படத்தில் பார்க்கும் பிரெஞ்சுக் கதவுபோல் அது இருக்காது. இருக்கட்டும்.

பிறகு அவர் அதிக நேரம் செலவிட்டது தரையில். தண்ணீர் நிரப்பிய நீண்ட ரப்பர்க் குழாயைப் பிடித்து, உள்தரைக்கும் வெளித்தரைக்கும் உள்ள மட்ட வித்தியாசத்தை அளந்தார். ஜன்னல் இருக்கும்வரை வெளியே மண் எவ்வளவு ஏறியிருந்தாலும் கவலையில்லை, கீழே மூன்றடிச் சுவர் இருக்கிறது. அது போன பிறகு மழைநீருக்கும் உங்கள் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே இருப்பது வாசற்படி ஒன்றுதான். மழைக்காகப் படியை உயர்த்தினால் அம்மாவின் கால் தடுக்கும். அம்மாவுக்காகத் தாழ்த்தினால் தண்ணீர் உள்ளே வரும். இந்த இழுபறிக்கு அவர் சொன்ன தீர்வு இது: படி தாழ்வாகவே இருக்கட்டும். வெளித்தரையை வீட்டிலிருந்து விலகிச் சரியும்படி மாற்றிப் பூசுவது. கதவுக்கு வெளியே அதன் முழு அகலத்துக்கும் கம்பிமூடி போட்ட சிறு வாய்க்கால் வெட்டி, பழைய கால்வாயோடு இணைப்பது. மேலே சிறு கூரைச் சாய்வு. முதலாமவரின் நாலாயிரத்து ஐந்நூறில் இதில் எதுவுமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் விலை சொன்னது கதவுக்கு. நான் வாங்க நினைத்தது அம்மா நனையாமல், விழாமல் வெளியே போய்வரும் வழியை.

ஜன்னலின் கீழே இருந்த மின்இணைப்பையும் அவர்தான் கவனித்தார். முதலில் வந்தவர்கள் சுவரை வெட்டியபோது கம்பியைச் சுருட்டி நாடாவால் ஒட்டி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளர் வந்து அதை இடம் மாற்றும்வரை அவர் வேலையைத் தொடங்கவில்லை.

கண்ணாடி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதவுக்கு டெம்பர்ட் கண்ணாடி, அல்லது நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடி, இரண்டில் ஒன்று வேண்டும். முன்னது உடைந்தால் கல்கண்டுபோல் சிறு துண்டுகளாகச் சிதறும். பின்னது உடைந்தாலும் படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதனால் திருடனுக்கும் சிரமம். சாதாரண ஜன்னல் கண்ணாடி கத்திபோல் உடையும். குழந்தை ஓடும் வீட்டில் அதைக் கதவில் போடவே கூடாது. டெம்பர்ட் கண்ணாடியைச் செய்த பிறகு வெட்டிச் சிறிதாக்க முடியாது. அதனால் சுவர் வேலை முடிந்து, இடைவெளி நிலையான பிறகுதான் கடைசி அளவு எடுக்க வேண்டும். மலிவாகக் கிடைத்த கதவுக்கு ஏற்பச் சுவரை வெட்டுவது தலைகீழ் வேலை. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

மரமா, அலுமினியமா என்பது உங்கள் விருப்பம். நல்ல மரக்கதவு தரும் அழகை அலுமினியம் தராது. ஆனால் கரையானும் ஈரமும் உள்ள நம் ஊரில் மரம் பராமரிப்பு கேட்கும், மழைக்காலத்தில் உப்பி இறுகும். எனக்குப் பராமரிக்கும் பொறுமை இல்லை என்று எனக்கே தெரியும். அலுமினியம் போட்டேன்.

இனி காகிதங்கள். வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், இங்கேதான் நான் அதிகம் அடிபட்டேன்.

சுவரை உடைத்துக் கதவாக்குவது பெயின்ட் அடிப்பது போன்றதல்ல. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, கட்டடத்தில் செய்யும் மாற்றங்களுக்கு ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவைப்படலாம். எந்த வேலைக்கு எந்த வகை பெர்மிட், என்ன கட்டணம், வரைபடம் வேண்டுமா என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். எனவே உங்கள் மன்றத்தின் கட்டடப் பிரிவுக்கு ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். வாயிற்காவல் உள்ள குடியிருப்பு என்றால் நிர்வாகத்திடமும் கேளுங்கள். "இதுக்கெல்லாம் யாரும் பெர்மிட் எடுக்கமாட்டாங்க அண்ணே" என்று குத்தகையாளர் சொன்னால், நாளை மன்றத்தின் கடிதம் வருவது அவர் வீட்டுக்கல்ல, உங்கள் வீட்டுக்கு.

குத்தகையாளர் சிஐடிபி எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இது 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது. பதிவு ஜி1 முதல் ஜி7 வரை தரம் பிரித்திருக்கும். வீட்டுச் சீரமைப்பு செய்யும் சிறு குத்தகையாளருக்கு ஜி1 போதும், ஏழாம் தரத்தைத் தேடிப் போக வேண்டாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வாரியத்தின் இணையத்தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பதிவு இருந்தால் வேலை நன்றாக இருக்கும் என்று பொருளல்ல. ஆனால் அவருக்கு ஒரு பெயரும் முகவரியும் இருக்கிறது என்று பொருள்.

அந்தப் பெயர்தான் எனக்கு இல்லாமல் போனது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம் என்று தோன்றியது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அமைந்த மன்றம் அது. மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்கும், பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போகலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. பாரத்தை எடுத்து உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பின் பெயர் என்று ஒரு கட்டம். நான் அவரை அறிந்திருந்தது பட்டப்பெயராலும் 'அண்ணே' என்ற சொல்லாலும் மட்டுமே. பணம் போன வங்கிக்கணக்கு இன்னொருவர் பெயரில் இருந்தது. நிறுவனப் பெயர் தெரியாது. முகவரி தெரியாது. விலைக்குறிப்பு இல்லை. ஆறடி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு ஒரு வரி ஆதாரம் இல்லை. ஒரு மனிதரை வீட்டுக்குள் விட்டு, சுவரை உடைக்கச் சொல்லி, இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி கொடுத்திருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

உறவுக்குள் பேச்சு கிளம்பியது. "பெரிசாக்காதீங்க, அவரு மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்காரு" என்றார் மனைவியின் சித்தி. எனக்கும் அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மனம் வரவில்லை. கையில் எடுத்த வேலைகள் அதிகம், என் முன்பணம் முந்தைய வீட்டின் சிமெண்டுக்குப் போயிருக்கும், அடுத்தவரின் முன்பணம் வந்தால் என் கதவு வந்திருக்கும். சிறு குத்தகையாளர்கள் பலரின் நிலைமை இதுதான். ஆனால் நிலைமை எதுவானாலும் லிண்டலின் காலை வெட்டியது வெட்டியதுதான். கடைசியில் இடையில் நின்ற ஒருவர் மூலம் எண்ணூறு வெள்ளி திரும்பி வந்தது. மீதியை நான் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு திருமண விருந்தில் எதிரே வந்தார். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன். இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டோம்.

அன்று விலைக்குறிப்பு கேட்டிருந்தால் அவருக்கும் எனக்கும் இந்தச் சங்கடம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். தெரிந்தவரிடம் காகிதம் கேட்பதை நாம் அவமரியாதையாக எண்ணுகிறோம். தெரியாதவரோடு சண்டை போட்டால் பணம் மட்டும் போகும். தெரிந்தவரோடு என்றால் கல்யாண வீட்டில் சாப்பாடும் இறங்காது.

இரண்டாமவர் கேட்காமலே இரண்டு பக்க விலைக்குறிப்பு அனுப்பினார். மொத்தம் 9,300 வெள்ளி. இந்தத் தொகையை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் கெட்டுப்போன சுவரைச் சரிசெய்யும் வேலையும் அதில் சேர்ந்திருந்தது. நான் சொல்ல வருவது அது எழுதப்பட்டிருந்த விதத்தை. ஏழடி நீளப் புது லிண்டல், முட்டு எத்தனை நாள் நிற்கும், கண்ணாடியின் வகையும் தடிமனும், கீல், பூட்டு, வாய்க்கால், பூச்சு, உடைத்த கல்லை எங்கே யார் கொண்டுபோய்க் கொட்டுவது வரை தனித்தனி வரிகள். அளவு மாறினால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று ஒரு வரி. பணம் நாலு தவணை: கையொப்பத்துக்குப் பத்து விழுக்காடு, லிண்டல் முடிந்ததும் நாற்பது, கதவு நின்றதும் நாற்பது, கடைசிப் பத்து தண்ணீர்ச் சோதனைக்குப் பிறகு. நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக்கணக்கு. என் கணக்கில், பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவருக்கு நீங்கள் வாடிக்கையாளர் அல்ல, கடன் கொடுப்பவர்.

வேலை மூன்று வாரம் எடுத்தது. அதில் இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை, கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது. "என்னாப்பா, இவரும் ஓடிட்டாரா?" என்று அம்மா இரண்டுமுறை கேட்டார். ஓடவில்லை. முட்டை எடுக்கும் நாளை அவர் முதல்நாளே காலண்டரில் வட்டமிட்டுக் காட்டியிருந்தார்.

தண்ணீர்ச் சோதனை என்பது பெரிய விஞ்ஞானமில்லை. கதவைச் சாத்திப் பூட்டி, தோட்டக் குழாயால் வெளியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் கதவின் மேல்சட்டம், நடுச்சேர்க்கை, அடிப்படி என்று அடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் செய்தித்தாள் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இருந்தவர் அம்மா. கீழ் இடது மூலையில் செய்தித்தாள் ஈரமானது. இரண்டு கதவும் சேருமிடத்தில் ரப்பர் அரை அங்குலம் குறைவாக இருந்தது. அவர் முகம் சுளிக்காமல் கழற்றி மாற்றினார். மறுபடி அடித்தோம். காய்ந்த செய்தித்தாளைக் காட்டி அம்மா தலையாட்டிய பிறகுதான் கடைசிப் பத்து விழுக்காட்டை அனுப்பினேன்.

சிரம்பான் தம்பதியருக்கு ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று. இரண்டாவது கதவின் கீழ்த்தாழ்ப்பாள் தரையில் ஒரு சிறு துளைக்குள் இறங்கும். அந்தத் துளையில் மண்ணும் எறும்பும் சேர்ந்து நாலு மாதத்தில் தாழ்ப்பாள் இறங்காது, கதவு ஆடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. அம்மா இப்போது காலையில் மூன்றரையடிக் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்கிறார். இரண்டடிக் கதவு திறப்பதே இல்லை. அதன் முன்னால் புதிதாக ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறார். நகர்த்த விடமாட்டேன் என்கிறார்.